சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும் மாணவர்கள்

கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் நான்காம் படிவ மாணவர்களை மலாக்காவுக்கு அழைத்துச் சென்றோம். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து விடியற்காலையில் புறப்பட்ட பேருந்து மலாக்காவை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஏ ஃபமோசா கோட்டை வாசலில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் "முடிந்தது, அடுத்து எங்கே?" என்ற குரல்கள் கிளம்பின.

ஒரு மாணவன் மட்டும் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான். "டீச்சர், எங்க தோட்டத்து செம்மண் சடக்கு மாதிரியே இருக்கே?" என்றான்.

அந்தப் பயணத்தில் கேட்கப்பட்ட ஒரே அறிவியல் கேள்வி அதுதான். அவன் சொன்னதில் தவறு அதிகமில்லை. அந்தச் சுவரின் முக்கியமான கல் லேட்டரைட் எனப்படும் செம்பாறை. வெப்பமும் மழையும் மிகுந்த நம்மைப் போன்ற நாடுகளில், நீண்ட காலம் பெய்யும் மழை பாறையிலுள்ள சிலிக்காவையும் எளிதில் கரையும் கனிமங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கொண்டுபோகிறது. கரையாத இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிடுகின்றன. இரும்பு ஆக்சைடுதான் அந்தத் துரு நிறத்துக்குக் காரணம். தோட்டத்துச் சடக்கில் சப்பாத்தில் ஒட்டும் சிவப்பும் அதே வகைதான்.

செம்பாறைக்கு இன்னொரு குணம் உண்டு. மண்ணுக்கடியில் ஈரமாக இருக்கும்போது கோடரியால் வெட்டி எடுக்கலாம். வெளியே எடுத்துக் காயவிட்டால் இறுகிவிடும், மறுபடி நனைத்தாலும் இளகாது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர்களுக்கு அவசரமாகக் கோட்டை தேவைப்பட்டது. கருங்கல்லைச் செதுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. கரைக்கு அருகிலுள்ள உப்பே தீவிலேயே செம்பாறை கிடைத்தது. அதை வெட்டிப் படகில் ஏற்றி வந்தார்கள். அப்படி எழுந்த மதில் 130 ஆண்டுகள் அவர்களைக் காத்தது. 1640இல் டச்சுக்காரர்களும் ஜொகூர் படையும் முற்றுகையிட்டபோது, பீரங்கிக் குண்டுகளைவிடப் பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களை வீழ்த்தின. 1641 ஜனவரியில் கோட்டை கைமாறியது.

இப்போது வாசலின் மேலே பாருங்கள். 1670 என்று ஆண்டு பொறித்திருக்கும். எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் கோட்டை கட்டப்பட்ட ஆண்டு அதுவென்றே குறித்துக்கொண்டார்கள். அது டச்சுக்காரர்கள் பழுதுபார்த்துத் தங்கள் நிறுவனச் சின்னத்தைப் பதித்த ஆண்டு. கட்டியவர் ஒருவர், பெயர் பொறித்தவர் இன்னொருவர். ஓர் அளவீட்டைப் படித்ததும் 'இது எதை அளக்கிறது?' என்று கேட்பது அறிவியலின் முதல் பழக்கம். அதை ஆய்வுக்கூடத்தில் சொல்லித்தருவதைவிட அந்த வாசலடியில் சொல்லித்தருவது எளிது.

அந்த மதில் இன்று ஏன் இல்லை? போர் இடித்ததல்ல. நெப்போலியன் காலப் போரின்போது மலாக்கா ஆங்கிலேயர் கையில் தற்காலிகமாக இருந்தது. என்றாவது திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், உறுதியான கோட்டை எதிராளிக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். பினாங்கின் வணிகத்துக்கு அது போட்டியாகும் என்ற கணக்கும் இருந்தது. 1807இல் ஃபர்குவார் மேற்பார்வையில் இடிப்பு தொடங்கியது. கூலியாட்களால் முடியாமல், அடியில் குழி தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். அதைச் சிறுவனாகப் பார்த்த முன்ஷி அப்துல்லா, தமிழ் வம்சாவளியும் கொண்டவர், தமிழும் கற்றவர், பிற்காலத்தில் தம் நூலில் வருத்தத்தோடு பதிவு செய்தார். மிஞ்சியது ஒரு வாசல்.

அதே 1807இல்தான் ஃபிரான்சிஸ் புக்கானன் எழுதிய தென்னிந்தியப் பயண நூல் வெளியானது. கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்த இந்தக் கல்லுக்கு, செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று அதில் பெயர் சூட்டினார். அறிவியல் அந்தக் கல்லுக்குப் பெயர் வைத்த ஆண்டிலேயே, அக்கல்லால் கட்டிய பெரிய மதில் ஒன்று கடலோரத்தில் வெடித்துச் சிதறியது.

என் கருத்து இதுதான். பழைய சுவர் ஒரு சான்று. சான்றை அழித்தபின் எந்தக் கேள்வியையும் அதனிடம் மறுபடி கேட்க முடியாது. 2006இல் மலாக்காவில் சுழல் கோபுரம் கட்டத் தோண்டியபோது மிடல்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அது சரியான முடிவு. பிறகு அடித்தளத்தின் மேல் கொத்தளத்தைத் திரும்பக் கட்டினார்கள். அதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. எது பழைய கல், எது புதிய கல் என்று பார்க்கிற பிள்ளைக்குப் பளிச்செனத் தெரிய வேண்டும். இல்லையென்றால் சான்று அலங்காரமாகிவிடும்.

'வரலாற்றுக்கு வரலாற்று ஆசிரியர் இருக்கிறாரே' என்று சிலர் கேட்கலாம். அவர் யார், எப்போது, ஏன் என்று சொல்லட்டும். எந்தக் கல், எப்படி நின்றது, கடல் எங்கே இருந்தது என்பதை நாம் சொல்ல வேண்டும். கடலோரக் கோட்டையின் வாசலில் நின்றால் இன்று கடல் கண்ணில் படவில்லை. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை தள்ளிப்போய்விட்டது. இதுவும் பாடம்தான்.

மலாக்கா தூரமென்றால், நம் பேராக்கிலேயே பங்கோர் தீவில் டச்சுக் கோட்டை இருக்கிறது. பேராக் ஈயத்துக்காக 1670இல் முதலில் மரத்தால் எழுப்பி, பிறகு செங்கல்லால் கட்டியது. அதுவும் வேண்டாமென்றால் நம் தோட்டங்களைப் பாருங்கள். பழைய ரப்பர் புகைக்கூடங்களும் லயன் வீடுகளும் ஒவ்வொன்றாகத் தரைமட்டமாகின்றன. இடிப்பதைத் தடுக்க நம்மால் முடியாமல் போகலாம். இடிக்கும் முன் நீளம், அகலம், சுவரின் கனம், செங்கல்லின் அளவு ஆகியவற்றை எழுதிவைக்க ஓர் அளவு நாடாவும் நாலு மாணவர்களும் போதும்.

திரும்பி வந்ததும் அந்த மாணவன் தோட்டத்துச் சடக்கிலிருந்து ஒரு செம்பாறைத் துண்டைக் கொண்டுவந்தான். காய்ந்த நிலையில் எடை போட்டோம். ஓர் இரவு நீரில் ஊறவைத்து மறுபடி எடை போட்டோம். எடை கூடியிருந்தது. கூடியது கல்லின் நுண்துளைகளில் புகுந்த நீர். வகுப்பே தராசைச் சூழ்ந்துகொண்டது. எந்த வகுப்பிலும் இதைச் செய்யலாம், செலவில்லை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை மலாக்கா போகும்போது படம் எடுத்தபின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் மட்டும் கொடுங்கள்: இது என்ன கல்? மேலே உள்ள ஆண்டு யாருடையது? அன்று கடல் எதுவரை இருந்தது?