அந்தக் குழந்தைகளுக்கு அம்மா இருக்கிறார்

திருவண்ணாமலைக்கு வரும் வெளிநாட்டவரில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை தனியாக வரும். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கும், அந்தத் தெருவின் வீட்டு வாடகையை ஏற்றிவிட்டுப் போகும். அவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இன்னொரு வகை கூட்டமாக வரும். எல்லோருக்கும் இருபது வயதுக்கு முன்னே பின்னே இருக்கும், ஒரே நிறத்தில் டீ ஷர்ட், முதுகில் பெரிய பை. ஏதோ ஒரு கல்லூரியோ தேவாலயமோ அனுப்பிவைத்த மாணவர் குழு. தங்குவது இரண்டு வாரம். முதல் பாதியில் ஊழியம், அதாவது குழந்தைகள் இல்லம், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பு, கிராமத்தில் பாட்டு. இரண்டாம் பாதியில் சாகசம், அதாவது மலையேற்றம், ஜவ்வாது மலை அருவி, யானை எங்கே இருக்கிறதோ அங்கே யானை. கடைசி நாள் சேலை கட்டிப் படம். இதற்குப் பெயர் மிஷன் ட்ரிப்.

கல்லூரியில் படித்த நாட்களில் இப்படி வந்த குழுக்களுக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன். கைச்செலவுக்குக் காசு வேண்டியிருந்தது, ஆங்கிலம் பேசிப் பழகலாம் என்ற ஆசையும் இருந்தது. வந்த பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் பெண்கள்தான். கோடை முழுக்கக் கடையில் வேலை செய்தும் கேக் விற்றும் பணம் சேர்த்து வந்திருந்தார்கள். அவர்களுடைய நல்ல மனத்தைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. என் சண்டை அந்த நல்ல மனத்தை வைத்து நடக்கும் ஏற்பாட்டோடு.

ஒரு சிறுமியர் இல்லத்தில் நடந்தது இது. வரவேற்பு நடனம் முடிந்து, மாலை போட்டு முடிந்து, ஒரு மாணவி எட்டு வயதுக் குழந்தையை மடியில் உட்கார்த்திக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "இவளுக்கு யாருமே இல்லையா?" குழந்தையிடம் கேட்டேன். "அம்மா பெங்களூர்ல சித்தாள் வேலைக்குப் போயிருக்காங்கக்கா. பொங்கலுக்கு வருவாங்க" என்றது. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். இல்லத்தை நடத்தியவர் சிரித்தபடியே பக்கத்தில் வந்து, "பாப்பா, அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கும்மா" என்றார். மறுநாள் எனக்குப் பதிலாக வேறொருவர் மொழிபெயர்த்தார்.

அந்தக் குழந்தைக்கு அம்மா இருக்கிறார் என்ற செய்திதான் அந்த ஏற்பாட்டுக்கு ஆகாத செய்தி. அம்மா இருந்தால் குழந்தை அநாதை இல்லை. அநாதை இல்லையென்றால், பத்தாயிரம் மைல் பறந்துவந்து அணைத்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? ஆகவே அம்மா மறைய வேண்டும். இந்த வணிகம் முழுவதும் நிற்பது ஏழைப் பெண்களை அவர்களுடைய குழந்தைகளின் கதையிலிருந்து அழிப்பதன் மேல்.

மிகையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் திருச்சி வழக்கை எடுத்துப் படியுங்கள். உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட 89 பெண் குழந்தைகள் அங்கே ஓர் இல்லத்தில் வளர்ந்தார்கள். பெண்சிசுக்கொலையிலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட கதை. ஜெர்மனியில் ஆதரவாளர்கள் இருந்தார்கள். 2015இல் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், சி.பி.ஐ. விசாரணையும் மரபணுச் சோதனையும் வந்த பிறகு, அந்தப் பெண்களில் பலருக்கு உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பெற்றோர் உயிரோடு இருப்பது தெரிந்தது. பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயரைச் சுமந்த தாய்மார்கள் அவர்கள். உசிலம்பட்டி என்ற பெயரே போதும், எந்த ஐரோப்பியக் கூட்டத்திலும் கண்ணீர் வரும். அங்கே பெண்சிசுக்கொலை நடந்ததை நான் மறுக்கவில்லை. நம் ஊர்ப் பெண்ணிய இயக்கங்கள் அதை எதிர்த்து வருடக்கணக்காக வேலை செய்திருக்கின்றன. அந்த உண்மையை எடுத்து ஒரு வட்டாரத்துத் தாய்மார்கள் எல்லோர் நெற்றியிலும் ஒட்டியதைத்தான் கேட்கிறேன்.

திருவண்ணாமலையிலேயே, 2019 சனவரியில், ஒரு தனியார் இல்லத்திலிருந்து சிறுமிகளை மாவட்ட நிர்வாகம் மீட்டது. பாலியல் துன்புறுத்தல் புகாரில் நடத்தியவர் கைதானார். இரண்டு வாரம் தங்கி, கட்டியணைத்து, படமெடுத்துப் போகும் விருந்தாளியிடம் இதையெல்லாம் ஒரு குழந்தை எப்படிச் சொல்லும்? எந்த மொழியில்? மொழிபெயர்ப்பவர் யார் பக்கம்? விருந்தாளி வந்து போவது அந்தச் சுவர்களுக்கு நற்சான்றிதழாக மாறுகிறது. வெள்ளைக்காரர்களே வந்து தங்குகிறார்கள், ஆகவே நல்ல இடம்!

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் வைப்பது எல்லா வழியும் அடைத்த பிறகான கடைசி வழி என்கிறது; எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், அநாதை இல்லங்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் சுற்றுலாவால் வரும் கேட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. குழந்தைகள் மீதான பரிவு அங்கே காசாகிறது, காசு வரும் இடத்தில் குழந்தைகள் கொண்டுவந்து நிரப்பப்படுகிறார்கள். கம்போடியாவிலும் நேபாளத்திலும் இதுதான் நடந்தது.

அம்மா ஏன் விட்டுவிட்டுப் போகிறார்? இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்தால் பெங்களூர் கட்டட வேலை, இல்லையென்றால் செங்கல் சூளை, கரும்பு வெட்டு. புருஷன் செத்திருப்பான், அல்லது இன்னொருத்தியோடு போயிருப்பான், அல்லது வீட்டிலேயே கிடந்து குடிப்பான். வயசுக்கு வரப்போகும் பெண்ணைத் தகரக் கொட்டகையில் தனியாக விட்டு, சாந்துச் சட்டி தூக்கப் போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? அரசு விடுதியில் இடம் இல்லை, அல்லது தூரம். 'சோறு போட்டுப் படிக்க வைக்கிறார்களாம்' என்று யாரோ சொல்ல, பாதுகாப்பு என்று நம்பி விட்டுவிட்டுப் போகிறார். கைவிட்டது அவரில்லை.

ஒன்றிய அரசின் ஒரு திட்டம் இருக்கிறது. அதன் பெயரும் மிஷன்தான், மிஷன் வாத்சல்யா. விதவையான, கைவிடப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகள் வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை. ஒரு மாணவியின் விமானக் கட்டணம் எண்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு குழந்தை இருபது மாதம் அம்மாவோடு இருப்பதற்கான பணம். இருபது பேர் வரும் குழுவுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அம்மாவுக்குப் பணம் கொடுத்தால் படம் எடுக்க முடியாது, அதுதான் சங்கடம்.

இனி வேலையைப் பற்றி. இவர்கள் செய்ய வந்த வேலையை விட இவர்களுக்காகச் செய்யப்படும் வேலை அதிகம். அந்த வேலை முழுவதும் பெண்களுடையது. காரமில்லாத குழம்பு தனியாக வைத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, இருபது பேரின் கழிப்பறையைக் கழுவிய ஆயாம்மாவுக்கு அந்த இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நடன ஒத்திகை. அரையாண்டுத் தேர்வு அதற்குள் வந்து போகும். வெள்ளையடிப்பதோ இன்னும் வேடிக்கை. இந்த ஊரில் வெள்ளையடிக்க ஆள் இல்லையா? கூலி கிடைத்தால் காலை ஏழு மணிக்கே வந்து நிற்கும் சித்தாள் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்குப் போக வேண்டிய நாலு நாள் கூலியைத் தின்றுவிட்டு, கைப்பிடி அளவு பிரஷ்ஷால் திட்டுத்திட்டாகப் பூசிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் அதே பெண்களில் ஒருவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்கிறார்கள்.

அந்தக் குழுவின் பெண்களுக்குத் தரப்படும் அறிவுரையும் கவனிக்கத் தக்கது. தோள் தெரியக்கூடாது, முழங்கால் தெரியக்கூடாது, ஆண்களின் கண்ணைப் பார்க்கக்கூடாது, தனியாகப் போகக்கூடாது. 'இங்கே பெண்கள் நிலை அப்படி.' அதாவது நம் ஊர் ஆண்களின் சட்டத்துக்கு அடங்கி நடப்பதை மரியாதை என்று கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஆறு மணிக்கு மேல் கேட்டைத் தாண்ட முடியாத இல்லத்துச் சிறுமிகளோ இந்த அக்காக்கள் மலையேறிய கதையைக் கேட்டுக் கை தட்டுகிறார்கள். எந்தச் சிறுமியையும் யாரும் மலைக்குக் கூட்டிப்போனதை நான் பார்க்கவில்லை.

"மிஷனரிகள் வராமல் நமக்குப் படிப்பு ஏது?" என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயரைச் சொல்லாமல் திருவண்ணாமலையில் யாருக்கும் வழி சொல்ல முடியாது. ஆனால் அதே டென்மார்க்கிலிருந்து வந்த இரண்டு பெண்களைப் பாருங்கள். ஆன் மேரி பீட்டர்சனும் எஸ்தர் ஃபேரிங்கும் 1917இல் காந்தியின் ஆசிரமத்துக்குப் போய் அவரைச் சந்தித்தார்கள். திரும்பிவந்தபோது யாருக்கு உதவ வந்தோம், யாருடைய ஆட்சியின் நிழலில் நின்று உதவுகிறோம் என்ற கேள்வி அவர்களைப் பிடித்துக்கொண்டது. எஸ்தர் காந்தியோடு எழுதிக்கொண்ட கடிதங்கள் வெள்ளை அரசுக்கு உறுத்தின. ஓர் இந்தியரை மணந்துகொள்ள எடுத்த முடிவு மிஷனுக்கு உறுத்தியது. இருவருமே மிஷனை விட்டு வெளியேறினார்கள். பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. பீட்டர்சன் 1951இல் இறந்ததும் அதே ஊரில்தான். பக்கத்து வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் தொடங்கியது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இந்த ஊர்ப் பெண்கள் மருத்துவர்களாகி, தன்னைப் போன்றவர்கள் தேவைப்படாமல் போவதற்கான ஏற்பாடு அது. அவர்களிடமும் நமக்கு வழக்கு உண்டு, சாதியையும் மதத்தையும் வைத்து நிறையப் பேசலாம். ஆனாலும் அவர்கள் தமிழ் கற்றார்கள், தங்கினார்கள், விலை கொடுத்தார்கள். அந்த முப்பது நாற்பது வருடத்தின் பெயரை இந்தப் பதினான்கு நாளுக்குச் சூட்ட முடியாது.

இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1968லேயே, கோடை விடுமுறைக்கு மெக்சிகோ கிராமங்களுக்கு உதவப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் நின்று, சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று பேசினார். அவர்களுடைய ஆளே சொன்னது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'மதமாற்றம்' என்று கூச்சலிட்டு இல்லங்களின் வாசலில் கொடியோடு நிற்கும் கூட்டத்தோடு எனக்கு எந்த உறவும் இல்லை. அவர்களுக்குக் குழந்தையின் மதம்தான் கவலை. அம்மாவின் கூலி எவ்வளவு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சிலுவைக்குப் பதில் விபூதி பூசிய இல்லம் என்றால் அவர்களே போய் அன்னதானம் செய்வார்கள்.

அன்னதானம் என்றதும் நம் பிறந்தநாள் சாப்பாடு நினைவுக்கு வருகிறது. தோழிகளே, வெள்ளைக்காரப் பெண்ணைத் திட்டிவிட்டு இதைத் தாண்டிப் போக முடியாது. பிள்ளைக்குப் பிறந்தநாள், மாமியாருக்குத் திதி, கம்பெனிக்கு ஆண்டு விழா, உடனே இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு. குழந்தைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும். பிறந்தநாள்காரர் வரும்வரை சாதம் ஆறும். வந்ததும் பாட்டு, கேக், செல்ஃபி. முகம் தெரியாதவர்களை வாழ்த்திப் பாடியே வளர்கிறது ஒரு தலைமுறை. பெங்களூரிலிருந்து வார இறுதியில் ஜவ்வாது மலைக்குப் போர்வை கொடுக்க வரும் ஐ.டி. நிறுவன வேன்களும் ஊழியமும் சாகசமும்தான். டீ ஷர்ட்டில் எழுத்து மட்டும் வேறு. மலையாளிப் பழங்குடிப் பெண்களிடம் சாமையை நல்ல விலைக்கு வாங்கலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சாகசம் என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது. 2018 நவம்பரில் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் மதம் பரப்பப் போய் அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ் கொல்லப்பட்டார். மாணவப் பருவத்திலேயே மிஷன் பயணங்கள் போய்ப் பழகியவர், தன்னைச் சாகசக்காரர் என்றும் சொல்லிக்கொண்டவர். அவருடைய சாவுக்கு நானும் வருந்தினேன். ஆனால் அவரைப் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள்தான் கைதானார்கள் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 'வராதே' என்று சொல்லும் திராணி அந்தத் தீவு மக்களுக்கு இருந்தது. கேட்டுக்குள் நிற்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு அது இல்லை, மடியில் உட்கார் என்றால் உட்கார வேண்டும்.

எங்கள் மலையும் சாகசத்துக்கான மலை இல்லை. அனுமதியில்லாமல் அதில் ஏறத் தடை இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று புயல் மழையில் அது சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். மலையடிவாரத்தில் மனை வாங்கத்தான் கூலிக்காரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகிறது. அந்தத் தெருக்களின் பெண்கள் இப்போது மழை வலுத்தால் தூங்குவதில்லை.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் கல்லூரியிலும் சேவைப் பயணம் என்று அறிவிப்பு வரும், மொழிபெயர்க்க ஆள் கேட்டு வருவார்கள், போகத் தோன்றும். போவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். இல்லத்தின் பதிவு எண் என்ன? எத்தனை குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்? அவர்கள் எந்தக் கிழமை வந்து பார்க்கலாம்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதைக் கேட்டுவிட்டு, பதில் சொல்கிறவரின் முகத்தைப் பாருங்கள்.