ரூம் போட்டு யோசிச்சது

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்திக்கிட்டு இருந்த மேட்டர் இது. இன்னிக்குக் கொட்டித் தீர்த்துடறேன். கும்முறவங்க பின்னூட்டத்துல தாராளமா கும்முங்க.

நேரா விஷயத்துக்கு வர்றேன். புருஷனும் பொண்டாட்டியும் ரெண்டு நாள் வெளியூர் ஓட்டல்ல அமைதியா தங்கணும்னா, தாங்கள் கல்யாணம் ஆனவங்கதான்னு ரிசப்ஷன்ல உக்காந்திருக்கிறவருக்கு ஏன் நிரூபிக்கணும்? சரி, கல்யாணமே ஆகலைன்னு வச்சுக்குவோம். அப்பவும் அவருக்கு என்ன?

"வீடு இருக்கும்போது ரூம் எதுக்கு?" இதுதான் முதல் கேள்வியா வரும்னு தெரியும். எங்க வீட்டுலயே வந்துச்சு. எனக்கு ஊரு உத்திரமேரூர். வாரம் அஞ்சு நாள் சோழிங்கநல்லூர்ல பொட்டி தட்டிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு பஸ் ஏறுற கேசு. வீட்டுல ஒரு கூடம், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. அப்பா, அம்மா, பாட்டி, படிக்கிற தம்பி, அப்புறம் நாங்க ரெண்டு பேர். பாட்டிக்கு ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், வந்தா பேச ஆள் வேணும். கதவைச் சாத்தினா "என்னப்பா உடம்பு சரியில்லையா"ன்னு குரல் வரும். ஏரிக்கரைப் பக்கம் சாயங்காலம் ரெண்டு பேரும் நடந்து போனா, வீடு திரும்புறதுக்குள்ள அந்தச் சேதி எங்களுக்கு முன்னாடி வீடு போய்ச் சேர்ந்திருக்கும். ஒன்பது மணிக்கு மேல ஊரே அடங்கிடும். இப்படி வீடுகள்ல இருக்கிறவங்களுக்கு ஓட்டல் ரூம் ஆடம்பரம் இல்லைங்க. கதவைச் சாத்திக்கிட்டு சத்தமா சிரிக்கக் கிடைக்கிற ஒரே இடம்.

அதுக்கு மதுரையை விட நல்ல ஊர் எது சொல்லுங்க? பகல் பூரா ரூம்ல தூங்கலாம். ராத்திரி இறங்கினா டவுன்ஹால் ரோடு, மாசி வீதிகள், விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, தள்ளுவண்டி இட்லி, பருத்திப்பால். தீபாவளிக்கு முந்தின ராத்திரிகள்ல அந்தத் தெருக்கள்ல நடக்கவே இடம் இருக்காது. அந்த ஊருக்கு இது புதுசும் இல்ல. மதுரைக்காஞ்சியிலயே மாங்குடி மருதனார் நாளங்காடி, அல்லங்காடின்னு பகல் கடைவீதியையும் ராத்திரிக் கடைவீதியையும் தனித்தனியா பாடி வச்சிருக்கார். அந்தக் கூட்டத்துல நம்ம பேரு, வீடு, அப்பா யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கையைக் கோத்துக்கிட்டு நடந்தா திரும்பிப் பாக்கவும் ஆள் கிடையாது. தெருவுல அவ்ளோ பெருந்தன்மையா இருக்கிற ஊர், ஓட்டல் வாசல்ல மட்டும் ஏன் வேற ஊரா மாறுது?

போன வருஷம் நடந்தது. செங்கல்பட்டுல ராத்திரி ரயில் ஏறி விடியற்காலை மதுரையில இறங்கினோம். ஓட்டல் பேரு வேணாம். முன்கூட்டியே பணம் கட்டி புக் பண்ணின ரூம். ரெண்டு ஆதார் அட்டையையும் வாங்கிப் பாத்த மனுஷன் சொன்னாரு, "சார், இனிஷியல் வேற வேறயா இருக்கே, அட்ரஸும் வேற."

யோவ், தமிழ்நாட்டுல பொண்ணுக்கு இனிஷியல் அப்பன் பேருதானே! கல்யாணம் ஆன மறுநாளே ஆதாரை மாத்திட்டு வந்தவங்க எத்தனை பேரு? அடுத்து கண்ணு தங்கமணியோட கழுத்துக்குப் போச்சு. தாலி சுடிதாருக்குள்ள இருந்துச்சு. "கல்யாண போட்டோ போன்ல இருந்தா காட்டுங்க மேடம், போதும்"னாரு. போன்ல 800 போட்டோ இருக்கு. தங்கமணி "காட்ட முடியாதுங்க"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு பையைத் தூக்கிட்டா. ரெண்டு தெரு தள்ளி வேற ஒரு சின்ன லாட்ஜ். அவங்க அடையாள அட்டையை நகல் எடுத்தாங்க, சாவியைக் கொடுத்தாங்க. முதல் ஓட்டல்ல கட்டின பணம் போனது போனதுதான்.

அந்தத் தாலி விஷயத்தையே எடுத்துக்குவோம். 1967ல அண்ணா ஆட்சியில சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கினாங்க. இந்து திருமணச் சட்டத்துல 7ஏ-ன்னு தமிழ்நாட்டுக்காகவே சேர்த்த பிரிவு. சாட்சிகள் முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கறதா சொல்லி மாலை மாத்தினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, எது ஒண்ணு நடந்தாலும் கல்யாணம் செல்லும். சட்டமே தாலி கட்டாயம்னு சொல்லலை, ரிசப்ஷனிஸ்ட் சொல்றாரு!

கல்யாணம் ஆகாதவங்க விஷயத்துக்கு வருவோம். 2019 ஜூன்ல கோயம்புத்தூர்ல தினவாடகைக்கு விடுற ஒரு விடுதியை அதிகாரிகள் சீல் வச்சாங்க. ஒரு ரூம்ல கல்யாணம் ஆகாத ஜோடி இருந்தாங்க, இன்னொரு ரூம்ல மது பாட்டில் இருந்துச்சு. இவ்ளோதான் காரணம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. அந்த வருஷம் டிசம்பர்ல நீதிபதி எம்.எஸ். ரமேஷ், கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் ரூம்ல தங்கக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லைன்னு தெளிவா சொல்லி, சீலை எடுக்க உத்தரவு போட்டாரு. அதுக்கு முன்னாடியே 2017ல, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகள் ஒரே குரல்ல சொல்லியாச்சு. இவ்ளோத்துக்கும் பிறகு 2025 ஜனவரியில ஓயோ என்ன பண்ணிச்சு? மீரட்டுல ஜோடியா வர்றவங்ககிட்ட உறவுக்கு ஆதாரம் கேக்கச் சொல்லி, கல்யாணம் ஆகாதவங்களைத் திருப்பி அனுப்புற உரிமையை ஓட்டல்காரங்க கையில கொடுத்துச்சு. ஜோடிகளை நம்பியே வளந்த கம்பெனி, ம்ம்.

ஓட்டல்காரங்க பக்கத்து நியாயமும் கேட்டேன். லாட்ஜ் வச்சிருக்கிற உறவுக்காரர் ஒருத்தர் சொல்றது, "போலீஸ் ரெய்டு வந்தா பேரு கெடுறது எனக்குத்தானே தம்பி." ஒத்துக்கறேன், அந்த பயம் பொய் இல்ல. ஆனா போலீஸ் மேல இருக்கிற பயத்தை ரூமுக்கு வர்ற பொண்ணோட கழுத்துல இறக்கி வைக்கிறது எந்த ஊரு நியாயம்? வயசு 18 ஆச்சான்னு அடையாள அட்டையில பாருங்க, ரிஜிஸ்டர்ல எழுதிக்கங்க, வாசல்ல கேமரா வைங்க. கடத்தலைப் பிடிக்க இதெல்லாம் உதவும். கல்யாண ஆல்பம் எப்படி உதவும்னு எனக்குப் புரியலை. பொண்ணைக் கடத்துறவனுக்கு ஒரு மஞ்சக்கயிறு வாங்கத் தெரியாதா?

இன்னொண்ணு இருக்கு. நாங்க ரெண்டு பேரும் கோவத்தோட அடுத்த லாட்ஜுக்கு நடந்துட்டோம். சாதி மாறி காதலிச்சு, ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டு ஓடி வர்ற ஜோடி எங்க நடக்கும்? அவங்க கையில போட்டோவும் இருக்காது, சர்டிபிகேட்டும் இருக்காது. பொண்ணோட வீட்டுக்கு ரிசப்ஷன்லேர்ந்து ஒரு போன் போனா என்ன ஆகும்னு நம்ம பக்கத்து கிராமங்களைத் தெரிஞ்சவங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் அமைக்கிறதைப் பத்தி 2018ல சக்தி வாகினி வழக்குல உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கு.

எங்க ஊருப் பெருமை பேசாம பதிவை முடிச்சா ஊருக்குள்ள விட மாட்டாங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. சபைக்கு நிக்கிறவனுக்கு வயசு 35க்கு மேல 70க்குள்ள, கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு. முன்னாடி பதவியில இருந்து கணக்கு காட்டாதவன் நிக்கக்கூடாது, அவன் சொந்தக்காரனும் கூடாது. அது பிராமணர் சபை, வேதப் படிப்பும் கேட்டாங்க, அந்த விதியெல்லாம் நியாயமான்னு கேட்டா அது தனிப் பதிவு. ஆனா யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லைன்னு கல்லுல வெட்டி ஊர் பாக்க வச்சிருந்தாங்க. ஓட்டல்காரரே, உங்க விதி எங்க எழுதியிருக்கு? புக் பண்றப்போ ஏ.சி. இருக்கு, வைஃபை இருக்கு, காலை டிபன் இலவசம்னு பத்து வரி போடுறீங்க. "தாலி பாப்போம், ஆல்பம் கேப்போம்"னு பதினோராவது வரியா போடுங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டு நாங்க வேற கடை பாத்துக்கறோம். போடலைன்னா, திருப்பி அனுப்புறப்போ முழுப் பணத்தையும் கையில கொடுத்து அனுப்புங்க.

டிஸ்கி: ஜோடியா போனப்போ கேள்வி கேக்காம சாவி கொடுத்த லாட்ஜ் உங்க ஊர்ல இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்து திருச்சி போறதா இருக்கோம்.