நீதிமானும் கிழவனும்

ஒருவனுக்கு 'நீதிமான்' என்று பட்டம். மற்றவனுக்குக் 'கிழவன்' என்று பெயர். இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! போலந்து நாட்டுக் கோமகன் மூன்றாம் மியேஷ்கோவையும், அவன் தம்பி காசிமிரையும் பற்றித்தான் கூறுகிறோம். பட்டங்களைப் பங்கிட்டவர் யாவர்?

தந்தை மூன்றாம் போலெஸ்லாவ் 1138-இல் மாண்டான். நாட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்தளித்து, குலத்தில் மூத்தவனுக்கே கிராக்கோ என்று விதியும் வகுத்துச் சென்றான். அவ்விதிப்படி 1173-இல் அரியணை ஏறினான் மியேஷ்கோ. நான்கே ஆண்டுகள்! 1177-இல் கிராக்கோவின் பிரபுக்களும் பிஷப் கெட்கோவும் கைகோத்து அவனை விரட்டினர். பெற்ற மகன் ஓடோனும் எதிர்த்து நின்றான். தம்பி அமர்ந்தான்.

கொடுங்கோலன், ஆகவே விரட்டினோம் என்றனர். குற்றச்சாட்டைப் படிக்கிறோம். காட்டில் கரடியைக் கொன்றவனுக்குத் தண்டமாம். சரி, கொடுமைதான். யூதனை அடித்த மாணவனுக்கும் தண்டமாம்! இதனையுமா கொடுமை என்று எழுதினர்? அடிபட்டவன் மனிதனல்லனோ?

எழுதியவர் வின்சென்ட் கட்லுபெக். காசிமிரின் விருப்பப்படி வரலாறு தீட்ட முனைந்தவர். 1208-இல் தாமே கிராக்கோவின் பிஷப்பாக அமர்ந்தவர். வழக்காடியவன் வீட்டிலேயே தீர்ப்பும் எழுதப்பட்டது!

மியேஷ்கோவுக்கு மாலை சூட்ட நாம் வரவில்லை. புழங்கும் காசை அடிக்கடி திரும்பப் பெற்று, மதிப்புக் குறைத்துப் புதுக் காசு தந்தான். அது ஏழையின் மடியில் கைவைத்த வேலை, அதனை மன்னிக்கமாட்டோம். ஆனால் பிஷப்புகளின் சினம் ஏழைக்காகவா எழுந்தது?

1180-இல் லென்சித்சா நகரில் சபை கூடிற்று. இறந்த பிஷப்பின் உடைமைகளை அரசன் எடுத்துக்கொள்ளும் உரிமையைக் காசிமிர் கைவிட்டான். மறு ஆண்டே போப் மூன்றாம் அலெக்சாண்டர் அதனை உறுதி செய்தார். உழவனின் தானியத்தைப் பறித்தலையும் அச்சபை தடுத்தது, அதை மறைக்கமாட்டோம். எனினும் விதி மீறி வந்த தம்பிக்குப் பீடத்தின் ஒப்புதல் எவ்வழி கிடைத்தது என்பது விளங்கவில்லையா? 'நீதிமான்' பட்டமோ நூற்றாண்டுகள் பல கடந்து ஒட்டப்பட்டது.

கிழவன் ஓயவில்லை. 1191-இல் கிராக்கோவைப் பிடித்தான், இழந்தான். தம்பி மறைந்தபின் மீண்டும் பிடித்தான். எழுபதைக் கடந்து, 1202-இல், கிராக்கோவின் கோமகனாகவே இறந்தான். ஒருபுறம் மட்டுமே அச்சிட்ட அவனுடைய மெல்லிய வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. சிலவற்றில், யூத அச்சாளர் எபிரேய எழுத்தில் பொறித்திருக்கின்றனர்: 'மியேஷ்கோ, போலந்தின் அரசன்'.