மாசிக்காய் யாருக்காக?

உலகிலுள்ள சகல வஸ்துக்களையும் கடவுள் மனிதனுக்காகவே சிருஷ்டித்தார் என்று ஆஸ்திகர்கள் ஓயாமல் சொல்லி வருகின்றார்கள். இதற்கு ருஜுவாகப் பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயையுங்கூடக் காட்டுவார்கள். ஆனால் மாசிக்காய் காயே அல்ல. ஒருவகைக் குளவி ஓக் மரத்தில் முட்டையிட, அதன் புழுவுக்கு வீடும் சோறுமாக அந்த மரம் வீங்கிக் கொடுத்த கட்டியேயாகும்.

இத்தகைய ஏற்பாடு எவ்வளவு பழமையானது? அமெரிக்காவில் இல்லினாய் மாகாண நிலக்கரிப் படிவில் கிடைத்த ஒரு மரப்பெரணியின் இலைக்காம்பில் இப்படிப்பட்ட கட்டி கல்லாகியிருப்பதை லபண்டெய்ரா, பிலிப்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1996-ல் வெளியிட்டார்கள். அதன் வயது சுமார் 30 கோடி வருஷம். புழு தின்ற குழியும், அது போட்ட எச்சமுங்கூட உள்ளேயே இருக்கின்றன. நம்மைப் போன்ற மனிதர் தோன்றியதோ சுமார் 3 லட்சம் வருஷங்களுக்கு முன்புதான்!

ஆகவே நாம் கேட்கின்றோம்: மனிதனே இல்லாத அக்காலத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்காக அந்தக் கட்டி சிருஷ்டிக்கப்பட்டது? புழுவுக்காகத்தான் என்றால், மரத்துக்குக் கடவுள் செய்த நியாயம் என்ன?

மரத்துக்குள் கிடந்து தின்னும் புழுவுக்கு எழுதத் தெரிந்திருந்தால், "மரம் எனக்காகவே படைக்கப்பட்டது" என்று அதுவும் ஒரு சாஸ்திரம் எழுதியிருக்கும். ஒரு ஜாதி உழைக்கவும் ஒரு ஜாதி உட்கார்ந்து உண்ணவும் கடவுள் படைத்தார் என்பது இந்தப் புழுச் சாஸ்திரமேயல்லாமல் வேறென்ன? தோழர்களே, மரத்துக்குத்தான் கேட்க வாயில்லை. உங்களுக்குமா இல்லை?