பயன்படுத்தாத திறனே முதன்மைத் திறன்

2006இல் வெளிவந்த 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்' என்னும் கணினி விளையாட்டில் 21 திறன்கள் உண்டு. அவற்றுள் ஏழினை முதன்மைத் திறன்களாக ஆட்டக்காரர் தேர்ந்துகொள்கிறார். அவை மொத்தமாகப் பத்து முறை உயர்ந்தால் அவருடைய கதாபாத்திரம் ஒரு நிலை ஏறும். அப்போது வலிமை, அறிவு முதலிய எட்டுப் பண்புகளில் மூன்றைக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு பண்பைச் சார்ந்த திறன்கள் அந்நிலைக்குள் பத்து முறை உயர்ந்திருந்தால் அதற்கு 5 புள்ளிகள். ஒருமுறையும் உயராவிடில் ஒரே புள்ளி.

எதிரிகளும் உடன் வளர்வதால், குறைந்த புள்ளிகளுடன் விரைந்து ஏறியவர் அவர்கள்முன் வலுவிழக்கிறார். ஆகவே, அன்றாடம் கையாளும் திறன்களை விலக்கி, கையாளாதவற்றையே முதன்மையெனக் குறிப்பது சாமர்த்தியமாயிற்று. ஒவ்வோர் உயர்வையும் தாளில் குறித்துக்கொண்டு ஆடியவர்களும் உண்டு.

இதனை ஆட்டக்காரரின் குறுக்குப்புத்தி எனல் பிழை. விதி எதற்குப் பரிசளிக்கிறதோ, அதனையே மனிதர் பயில்வர். படைத்தவர்களும் விதியைத்தான் திருத்தினார்கள்: 2011இல் வந்த 'ஸ்கைரிம்' அப்பண்புகளையே கைவிட்டது; 2025இல் வந்த ஆப்லிவியன் மறுவடிவம், எத்திறன் உயர்ந்திருப்பினும் நிலைக்கு 12 புள்ளிகள் அளித்தது.

கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு வழங்கும் நம் கல்வியுலகமோ இன்னும் ஆட்டக்காரரையே குறைகூறிக்கொண்டிருக்கிறது.