வண்டி போச்சு, தவணை இருக்கு!

எங்கள் பக்கத்து மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்குகிறவர், காசை எண்ணி வைத்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடிப்பார். மாடு செத்தால் துக்கம், அத்தோடு சரி. கடனில் வாங்கின கார் அப்படியில்லை சார். அது செத்த பிறகுதான் கணக்கே ஆரம்பம்!

மருங்காபுரியில் எங்கள் எதிர்வீட்டு மாமாவின் கார், துவரங்குறிச்சி தாண்டி நாலுவழிச் சாலையில், விளக்கில்லாமல் நின்ற லாரிக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. மாமாவுக்கு நெற்றியில் நாலு தையல். காரில் தைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. சர்வேயர் வந்தார், பார்த்தார், அதையே எழுதினார்.

"கவலை இல்ல மாப்ளே, ஃபுல் இன்ஷூரன்ஸ்! செக் வந்ததும் வேற வண்டி" என்றார் மாமா.

பி.காம். படித்த பாவத்துக்குக் காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். ஷோரூம் விலை 8 லட்சம். கடனும் 8 லட்சம், 10 சதவீத வட்டி, 7 வருஷம். சாலை வரி, ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் மாமா கைப்பணம். (அது போனது போனதுதான், காப்பீட்டு மதிப்பில் சேராது.) மாதம் 13,281 ரூபாய் வீதம் 24 தவணை, ஒன்றுகூடத் தவறவில்லை. மொத்தம் 3,18,000-க்கு மேல். அதில் அசலுக்குப் போனது சுமார் 1,75,000தான்! ஆரம்பத் தவணைகளில் வட்டிதான் முதல் பந்தியில் உட்காரும். ஆக, பாக்கி 6,25,000.

காப்பீட்டுக்காரர்கள் கணக்கு வேறு. வண்டி 6 மாதம் தாண்டினால் விலையில் 15 சதவீதம் கழிப்பார்கள், ஒரு வருஷம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30. மாமா வண்டி இரண்டைத் தாண்டிவிட்டது. எனவே 5,60,000.

"வித்தியாசம் 65,000 மாமா."

"நமக்கு வர்றதா?"

"நாம தர்றது!"

ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் ஏறியிருக்கிறதே, செக் முதலில் அவருக்குத்தான். மாமா வீட்டு வாசலைக்கூட மிதிக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் முழுகிப் போயின. தவணையில் வாங்கின வண்டிக்கு அங்கேயும் இதே கணக்குதான்.

"காரே இல்ல, எதுக்குய்யா தவணை?" என்று மாமா எகிறினார். கையெழுத்துப் போட்டது கார் இல்லையே! கிளெய்ம் முடிகிற வரை தவணையை நிறுத்தினால் அபராதக் கட்டணம் ஒரு பக்கம், சிபிலில் கெட்ட பெயர் ஒரு பக்கம். கெஞ்சிக் கூத்தாடிக் கட்ட வைத்தேன்.

'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்று கூடுதல் காப்பீடு ஒன்று உண்டு. பிரீமியம் கொஞ்சம் அதிகம். தேய்மானம் பார்க்காமல் பில் விலையைக் கணக்கில் எடுப்பார்கள். வண்டி புதுசாக இருக்கும் முதல் சில வருஷங்களுக்குத்தான் கிடைக்கும். ஏஜெண்ட் அப்போதே சொன்னாராம்.

"போடலையா மாமா?"

"அந்தக் காசுக்கு சீட் கவர் வாங்கிட்டேன் மாப்ளே."

65,000-க்காக அத்தையின் வளையல் மணப்பாறையில் அடகுக்குப் போயிருக்கிறது. சீட் கவரை மட்டும் மாமா பத்திரமாகக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.