வர்ணம் பிறகு, ஸ்ரியரிங் முதல்

நம்மூர் இளைஞர்களுக்கும் அவர்களுடைய வாப்பாமாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. திறந்தும் என்ன, புதுக் காரின் விலை நம்மில் பலருடைய கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதனால் வீட்டுக்குப் பின்னால் கிடந்த மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, பழைய லான்சர், சிவிக் எல்லாம் மறுபடி றோட்டுக்கு வந்திருக்கின்றன. வந்தது சந்தோஷம். ஆனால் வருகிற கோலத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பளபளக்கும் பெயின்ற், அகலமான ரயர், அலோய் சில்லு, தரையை உரசும் உயரம், தெருவையே எழுப்பும் சைலன்சர். குனிந்து அடியில் பார்த்தால், கறள் பிடித்த ரைறொட்டும் கிழிந்த ரப்பரும்.

இதைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: "சேர், மண்ணெண்ணெயிலேயே கார் ஓடின ஊர் இது. எங்களுக்கு வாகனம் சொல்லித் தர வேண்டாம்." உண்மைதான். நம் தலைமுறை அதைக் கண்ணால் கண்டதில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் நம் பெற்றோர் கையில் கிடைத்ததோடு ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நாம் வளர்ந்தது புத்தளத்தில். இங்கேயே இருந்த தமிழ் அண்ணாமார் சொல்லித்தான் அந்தக் கதை நமக்குத் தெரியும். பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை, உதிரிப்பாகம் வருவது அரிது. சிறு போத்தலில் உள்ள பெற்றோலைக் கொஞ்சமாய்க் கொடுத்து எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாது, அதற்குத்தான் அந்தத் தந்திரம். 1950களின் ஆங்கிலேயக் கார்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அந்த மட்டமான எரிபொருளையும் அவை தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து எஞ்சினைத் தின்றது வேறு கதை.

அந்தக் கெட்டித்தனத்துக்கு நாமும் தலைவணங்குகிறோம். ஆனால் அந்தக் கதை முழுக்க எஞ்சினைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். எஞ்சின் நின்றால் வழியில் இறங்கித் தள்ளலாம். ரைறொட் கழன்றால் இறங்குவதற்கு நேரமே கிடையாது. அன்றைக்குக் குண்டும் குழியுமான றோட்டில் சைக்கிள் வேகத்தில் போன காருக்கு, கம்பி சுற்றிய ஸ்ரியரிங்கும் எப்படியோ போதுமாயிருந்தது. இன்றைக்கு ஏ9 கம்பளம் போல் கிடக்கிறது, பலாலி வீதியும் அப்படியே. சட்டப்படி ஊருக்குள் 50, வெளியே 70 என்பது காருக்கான எல்லை. தம்பிமார் எத்தனையில் போகிறார்கள் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம், நம் பக்கம் அதன் மேல் எல்லோருக்கும் ஒரு பாசம் இருக்கிறதே. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். அந்தக் காலத்திலேயே றாக் அன்ட் பினியன் ஸ்ரியரிங், முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் கம்பி. கையில் பிடித்தால் இன்றைக்கும் அழகாகத் திரும்பும். ஆனால் ஒரு பலவீனம் உண்டு. முன்சில்லைத் தாங்கும் கிங்பின்னின் அடிப்பக்கம், ட்றணியன் என்ற துண்டுக்குள் புரியால் இறங்கியிருக்கிறது. காரின் பாரம் அந்தப் புரிகள் வழியாகத்தான் போகிறது. கிறீஸ் இல்லாவிட்டால் புரி தேயும், மேலே எந்தச் சத்தமும் வராது. ஒரு நாள் பின் கழன்று சில்லு அப்படியே மடிந்து விழும். அனேகமாக மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும் என்பார்கள், அது அல்லாஹ்வின் கருணை. நூறு ரூபாய்க் கிறீஸை அடிக்கடி ஏற்றியிருந்தால் தப்பியிருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல். இடது பக்கப் புரியும் வலது பக்கப் புரியும் எதிரெதிர்த் திசை என்பதால் ஒன்றுக்கு மற்றதைப் போடவும் முடியாது.

இந்தக் காருக்குள் இப்போது ஜப்பான் எஞ்சினை இறக்குகிறார்கள். 1956இல் வந்த 948 சிசி எஞ்சினுக்கு வெறும் 37 குதிரைவலு. அதற்கென்று அளந்து செய்த பிறேக்கும் கிங்பின்னும் இரட்டிப்பு வலுவை எப்படித் தாங்கும் என்று கேட்டால், "இரும்பு, தாங்கும் சேர்" என்கிறார்கள். அதே இரும்பு எழுபது வருடமாய்க் கடல் உப்புக் காற்றில் நிற்கிறது.

ஜப்பான் கார்களின் கதை வேறு. அங்கே வியாதியே உயரத்தைக் குறைப்பதுதான். உயரம் குறைப்பதை ஹராம் என்று சொல்ல வரவில்லை, பயப்படாதீர்கள். குறைக்கிற விதத்தைத்தான் சொல்கிறோம். அதற்கென்று செய்த ஸ்பிரிங்கும் பொருத்தமான ஷொக் அப்சோபரும் விலை என்று, இருக்கிற ஸ்பிரிங்கைக் கிறைண்டரால் வெட்டிவிடுகிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான் இது. எட்டுச் சுருளில் இரண்டை வெட்டினால், மிஞ்சிய ஆறு சுருள் முன்னையதை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பாகிவிடும். ஓரம் வெட்டுப்பட்ட ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக அமராது. சில்லு பள்ளத்தில் தொங்கும்போது விலகவும் கூடும். காஸால் சூடாக்கி இறக்கினால் இன்னும் மோசம், உருக்கின் பதமே போய்விடும்.

அதோடு முடியவில்லை. கார் கீழே இறங்கியதும் ரைறொட்டின் சாய்வும் கீழ்க்கையின் சாய்வும் பொருந்தாமல் போகின்றன. அதனால் ஒவ்வொரு மேட்டிலும் சில்லு தானாகக் கொஞ்சம் திரும்பும், ஸ்ரியரிங் பிடித்தவர் அசைக்காமலே. "கார் இழுக்குது" என்று தம்பிமார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அதற்கு எலைன்மன்ற் மட்டும் செய்து காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தேய்ந்த போல் ஜொயின்ரை வைத்துக்கொண்டு எலைன்மன்ற் செய்வது, ஆடுகிற மேசையில் அளவுகோலை வைப்பது போலத்தான்.

வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும்போது புகையைச் சோதிக்கிறார்கள், நல்லது. ஆனால் லொறிக்கும் பஸ்ஸுக்கும் கேட்கிற தகுதிச் சான்றிதழ் தனியார் காருக்குக் கிடையாது. ஆக, ஸ்ரியரிங்கை ஆட்டிப் பார்க்க நம் நாட்டில் யாருமே இல்லை. நாமே பார்க்க வேண்டியதுதான். பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்ராண்ட் ஒன்றில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. சில்லின் மேலும் கீழும் கையை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் கிங்பின் அல்லது போல் ஜொயின்ற். பிறகு இடதும் வலதுமாய்ப் பிடித்து ஆட்டினால் ரைறொட் முனைகளும் றாக்கும் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. ஸ்ரியரிங் பாகங்களில் வெல்டிங் தழும்பு எங்கே கண்டாலும் அந்தக் காரை அப்படியே நிறுத்திவிடுங்கள். கதவுக்கு ஒட்டு வைக்கலாம், ரைறொட்டுக்கு ஒருநாளும் வைக்கக்கூடாது.

பாகம் கிடைக்காது என்ற சாட்டும் இனிச் செல்லாது. ஜப்பான் கார்களுக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலைந்தால் போதும். மைனருக்கோ, இங்கிலாந்துக்கு அனுப்பப் பாகம் செய்த தொழிற்கூடமே 1990களில் இந்த நாட்டின் தெற்கில் இருந்தது. அதே வருடங்களில் இங்கே மண்ணெண்ணெயை ஊதிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் ஒரு பெருமூச்சு வரத்தான் செய்யும். இப்போது பாதை திறந்திருக்கிறது, பஸ்ஸில் போட்டுவிட்டால் அடுத்த நாள் காலை யாழ்ப்பாணம் வந்துவிடும்.

கராஜ் வைத்திருக்கும் நானாமாரிடம் ஒரு வார்த்தை. "சும்மா வெட்டித் தாங்க நானா" என்று பொடியன் வந்து நின்றால், முடியாது என்று சொல்லுங்கள். அடுத்த கராஜுக்குப் போவான், தெரியும். மூன்று கராஜும் அதையே சொன்னால் வீட்டுக்குப் போய் யோசிப்பான். வாப்பாமாரும் மகன் காருக்கென்று காசு கேட்டால், எதற்கு என்று ஒருமுறை கேளுங்கள். பெயின்றுக்கு என்றால் பாதியை அடிப்பக்கத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

நிக்காஹ் வீடுகளுக்குப் பழைய கார் பிடிப்பது இப்போது ஒரு நாகரிகம். மாப்பிள்ளையோடு பின்சீட்டில் நாலு சின்னப் பிள்ளைகளும் ஏறுவார்கள், பெல்ட்டும் கிடையாது. வாடகை பேசும்போதே முன்சில்லைத் தூக்கி ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்பவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள், ஒரு வேனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.